செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், தயவுசெய்து படியுங்கள்.

பொங்கல் விழா, ரத்த தான முகாம், ஏற்காடு பயணம் மூன்றும் நல்லபடியாக நடந்தன.

உளவுத்துறையும் அரசும் பற்றிய மாதாந்திரப் பேச்சுகளைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "சேலம் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து இதைப் பேசி என்ன ஆகப்போகிறது" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். பட்டாளத்தில் இருந்தவர்கள் நம் சங்கத்திலேயே ஆறு பேர். எல்லையில் நிற்பவனுக்கு இது டெல்லி சமாச்சாரம் இல்லை.

ஆகஸ்டில் கார்கில் போர் பற்றிப் பேச்சு. போர் முடிந்த மூன்றே நாளில், 1999 ஜூலை 29 அன்று, திருச்சியில் பிறந்த பாதுகாப்புத் துறை வல்லுநர் கே. சுப்பிரமணியம் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். அதன் அறிக்கையில் ஒரு கடிதம் வருகிறது. 1998 ஜூன் 2 அன்றே ஐ.பி. என்ற உள்நாட்டு உளவு அமைப்பின் இயக்குநர், எல்லைக்கு அப்பால் நடப்பதைப் பற்றித் தானே கையெழுத்திட்டு பிரதமர், உள்துறை அமைச்சர், அமைச்சரவைச் செயலாளர், உள்துறைச் செயலாளர், ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் என்று ஐந்து பேருக்கு அனுப்பியிருக்கிறார். அதை மற்ற தகவலோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வின் செயலாளர், உளவுத் தகவல்களை மதிப்பிடும் கூட்டுப் புலனாய்வுக் குழுவின் தலைவர், ராணுவ உளவுப் பிரிவின் தலைமை இயக்குநர் மூவருக்கும் அனுப்பவில்லை. மேலிருந்து போய்ச் சேரும் என்று எதிர்பார்த்தாராம், சேரவில்லை. பேசிய நம் சுபேதார் ஐயா கரும்பலகையில் எட்டுக் கட்டம் போட்டு ஐந்தில் பெயர் எழுதினார், மூன்றைக் கடைசிவரை காலியாகவே விட்டார்.

குறை உளவுத்துறை மேல் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. முடிவெடுப்பவர் தனக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்க வேண்டும், வந்தது போதாது என்றால் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்படி இரு தரப்பும் முறையாக உட்கார்ந்து பேச ஏற்பாடே இல்லை என்றுதான் குழுவும் எழுதியது. அப்புறம், ரொம்ப ஒட்டி உட்கார்ந்தாலும் ஆபத்துதான். ஈராக்கிடம் ரசாயன, உயிரி ஆயுதங்கள் இருப்பதாக அமெரிக்க உளவு அமைப்புகள் 2002 அக்டோபரில் அடித்துச் சொல்லின, அடுத்த ஆண்டே படை போனது, சொன்ன ஆயுதக் குவியல் கிடைக்கவில்லை. மேலிடம் கேட்க விரும்பியதைச் சொன்னார்களா, தாங்களே ஏமாந்தார்களா என்று நவம்பர் கூட்டத்தில் ஒன்பது மணி வரை விவாதம் போனது.

அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர். உறுப்பினர்கள் எழுபத்து நான்கு! நாற்பது தட்டுவடை செட் சொல்லி வைத்திருந்தேன், மீதியை வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். பேச்சாளர் சென்னையிலிருந்து சொந்தக் காசில் பஸ் ஏறி வந்தவர், காலி நாற்காலிகளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், கையிருப்பு போன வருடத்தை விடக் குறைவு. முப்பத்தொரு பேர் இரண்டு வருடமாகச் சந்தா கட்டவில்லை, மூன்று முறை நினைவூட்டிவிட்டேன்.

மன்றத்தைக் கொடுத்தவர்களுக்கும் மைக் செட்காரருக்கும் தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு 1962 சீனப் போரை எடுக்க எண்ணம். மன்ற வாடகை கட்ட முடிந்தால்தான் அது நடக்கும். வேறு யாராவது இந்தப் பொறுப்பை ஏற்க வந்தாலும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறேன், பேச்சுகள் மட்டும் நிற்கக் கூடாது. வரும் ஞாயிறு மாலை ஐந்து மணியிலிருந்து மன்றத்தில் இருப்பேன், ரசீது புத்தகமும் கையில் இருக்கும்.