அதிரச மாவு பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில நாட்களாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. எண்ணெயில் போட்ட அதிரசம் நுரைத்துப் பிரிந்து தூள்தூளாக மிதக்கிறது. "வெல்லத்தில் சீனி கலக்கிறார்கள், பாகு காய்ச்சுகிற மாஸ்டர் போனதோடு பதமும் போச்சு" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். கடைப் பெயர் போடவில்லை. போடாமலே, பாகு சேர்த்துப் பிசைந்து நாங்கள் விற்கும் அதிரச மாவைத்தான் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம் எண்ணி வைக்க வேண்டிய வீட்டில் சட்டிக்குள் மாவு கரைந்தால் எவ்வளவு சங்கடம் என்று எங்களுக்கும் தெரியும். அப்படிச் சங்கடப்பட்டவர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம். ஆனால் சீனி என்ற பேச்சுக்கு மட்டும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வெல்லத்தில் சீனி கலந்திருந்தால் அதிரசம் கரையாது, விறைக்கும். சீனிப் பாகு ஆறும்போது மறுபடி மணிமணியாக உறையும் குணமுள்ளது. அந்தப் பாகில் செய்த அதிரசம் மறுநாளே பல்லுக்குச் சவால் விடும். நல்ல வெல்லம் அப்படி எளிதில் உறையாது, அதனால்தான் அதிரசம் நாள்கணக்கில் மெத்தென்று இருக்கிறது. ஆக, அந்த வீடியோவில் தெரிவது சீனியின் அறிகுறி அல்ல. நாங்கள் வாங்குவது நாமக்கல் மாவட்டம் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தையில் 30 கிலோ சிப்பமாக (மூட்டையாக) வரும் உருண்டை வெல்லம், அதிலும் கருத்த பாகு வெல்லம். பளபளவென்று மஞ்சளாக இருப்பதைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதிரசத்துக்கு அது உதவாது. சிப்பம் என்ன விலை விற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் எங்கள் மாவும் கிலோவுக்கு 40 ரூபாய் கூடியிருக்கிறது.

பிறகு ஏன் பிரிகிறது? பெரும்பாலும் ஃபிரிட்ஜ்தான் காரணம். குளிரில் நெய் உறைந்து மாவு கல்லாகிவிடும். அவசரத்தில் தண்ணீரோ பாலோ தெளித்துப் பிசைவார்கள். அந்த ஈரம் சூடான எண்ணெயில் ஒரேயடியாகக் கொதித்து ஆவியாகி மாவைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. வீடியோவில் தெரியும் நுரை அதுதான். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் பொரிப்பதற்கு 4 மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். அப்போதும் இறுகியிருந்தால் மாவுப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் சிறிது நேரம் வைத்து, ஒரு தேக்கரண்டி நெய் தொட்டுப் பிசையுங்கள். தண்ணீர் மட்டும் வேண்டாம். மாவை எடுக்கும் கையும் கரண்டியும் கூட உலர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவில் பூஞ்சை கட்டும்.

எண்ணெய்ச் சூடு அடுத்த விஷயம். ஒரு கிள்ளு மாவு போட்டால் அடியில் போய், நிதானமாக மேலே வர வேண்டும். போட்டவுடன் துள்ளி வந்தால் சூடு அதிகம்: மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, எண்ணெய் குடித்துக் கரையும். வாழையிலையில் நெய் தடவி, சிறு எலுமிச்சை அளவு உருண்டையை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, ஒவ்வொன்றாகப் போடுங்கள். மெலிதாகத் தட்டினால் தட்டை மாதிரி மொறுமொறுப்பாகிவிடும். மேலே எழும்பியதும் ஒரு முறை திருப்பி, சிவந்ததும் எடுத்து, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடித்துவிடுங்கள். ஒரு கிலோ மாவில் 25 வரை வரும். நோன்புக்கு 21 போக மிச்சம் குழந்தைகளுக்கு.

முதல் அதிரசமே பிரிந்தால் அடுத்ததைப் போடாதீர்கள். கால் கிலோ மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசி மாவு சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்து, ஒன்று போட்டுப் பாருங்கள். மைதாவும் தாங்கும், ஆனால் அதிரசம் இழுவையாகிவிடும். எதற்கும் மசியாத மாவை வீணாக்க வேண்டியதில்லை: கோதுமை மாவும் ஒரு பூவன்பழமும் சேர்த்துக் கரைத்துக் குழிப்பணியாரமாக ஊற்றலாம்.

மாஸ்டர் போனதைப் பற்றி. பாகுப் பதம் யாருடைய கைக்குள்ளும் ஒளிந்திருக்கும் ரகசியம் அல்ல, கிண்ணத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும். நம்பாதவர்களுக்காக முழுச் செய்முறையையும் எழுதிவிடுகிறோம். ஒரு கிலோ மாவுப் பச்சரிசியை (ஐ.ஆர்.20 ரகம் நல்லது, புழுங்கல் கூடவே கூடாது) கழுவி 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் கால் மணி நேரம் பரப்புங்கள். உள்ளங்கையில் ஈரம் ஒட்டாமல், ஆனால் அரிசி குளுகுளுவென்று இருக்கும்போதே மில்லுக்குக் கொண்டு போய்விடுங்கள். முன்னால் மிளகாய் அரைத்த இயந்திரமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அரைத்த மாவைப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கும், தட்டினால் உதிரும். அதைச் சலித்து, காயவிடாமல் மூடி வையுங்கள். பாக்கெட்டில் விற்கும் முழுக்கக் காய்ந்த அரிசி மாவில் அதிரசம் வராது.

முக்கால் கிலோ வெல்லத்தை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்கவிடுங்கள். சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலால் திரட்ட மெத்தென்று உருள வேண்டும். தக்காளிப்பழப் பதம் என்பது இதுதான். உருளாவிட்டால் அதிரசம் பிரியும். கிண்ணத்தில் தட்டி 'டக்' என்று சத்தம் கேட்டால் கல்லாகும். இரண்டுக்கும் இடையில் இரண்டொரு நிமிடமே இருக்கும், அடுப்பைச் சிறுதீயில் வைத்துக்கொண்டு பாருங்கள். இறக்கி, 10 ஏலக்காய், அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, ஒரு மேசைக்கரண்டி எள் போட்டு, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுங்கள். கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், ஆற ஆற இறுகும். மீந்த அரிசி மாவை எறியாதீர்கள். பிரிந்தால் சேர்க்க அதுதான் கைகொடுக்கும். மேலே இரண்டு மேசைக்கரண்டி நெய் ஊற்றித் துணி கட்டி, ஒரு இரவாவது வையுங்கள். இரண்டு நாள் வைத்தால் இன்னும் நல்லது.

இவ்வளவும் முடியாது என்பவர்களுக்கு மாலாடு இருக்கிறது. ஒரு கப் பொட்டுக்கடலை, முக்கால் கப் சீனி (இங்கே தாராளமாகச் சீனி!), இரண்டையும் நைசாக அரைத்துச் சலித்து, ஏலப்பொடி சேர்த்து, சூடான நெய்யைக் கால் கப் அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிடியுங்கள். உதிர்ந்தால் நெய் ஆறிவிட்டது என்று அர்த்தம்.

வீடியோ வந்த பிறகும் "எங்களுக்கு எப்போதும் போல ரெண்டு கிலோ எடுத்து வையுங்க" என்று சொல்லி அனுப்பியவர்களுக்கும், கடை வாசலில் நின்று எங்களுக்காக வாதாடிய தெருக்காரர்களுக்கும் மனமார்ந்த நன்றி. யாரிடமாவது பிரிந்த மாவு மிச்சம் இருந்தால் கொண்டு வாருங்கள்; கடை அடுப்பிலேயே உங்கள் முன்னால் ஒன்று பொரித்துப் பார்த்து, சரிசெய்து தருகிறோம். போளியும் சுழியமும் இப்போதைக்கு இல்லை. நோன்புக்கு மாவு வேண்டுவோர் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் கொண்டு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்