ஞாயிறு முதல் மாசி விரிவுரைகள்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் பேசியபடி இந்த ஞாயிறு இரவு 8 மணிக்கு மாசி விரிவுரைகளைக் கேட்கத் தொடங்குகிறோம் (நம்ம மாசி மாதம் இல்லை, கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த வின்சென்ட் மாசியின் பெயர்). ஆண்டுதோறும் வரும் இந்தத் தொடரை 1961இல் அந்நாட்டு வானொலியான சிபிசி ஆரம்பித்தது, டொராண்டோ பல்கலைக்கழகத்தின் மாசி கல்லூரியும் இதில் பங்காளி. ஒரே ஆள் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஐந்து உரைகளில் அலசுவார், அதுதான் எனக்குப் பிடித்தது.

முதல் ஆண்டே பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் பார்பரா வார்ட் பணக்கார நாடுகள், ஏழை நாடுகள் பற்றிப் பேசினார். நாம் கேட்கப்போவது 1967, மார்ட்டின் லூதர் கிங். இனவெறி, வியட்நாம் போர், இளைஞர்களின் கோபம் என்று போய், கடைசி உரை அட்லாண்டாவில் அவருடைய எபனேசர் தேவாலயத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் செய்த பிரசங்கம். அதற்கப்புறம் நான்கு மாதம்கூட அவர் உயிரோடு இல்லை.

அடுத்தது ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பற்றி கனடா அரசியல்வாதி ஸ்டீபன் லூயிஸா (2005), கடன் பற்றி நாவலாசிரியர் மார்கரெட் அட்வுட்டா (2008)? என் ஓட்டு அட்வுட்டுக்கு.

வாரம் ஒரு உரை போதும். ஆங்கிலம் வேகமாக இருந்தால் சொல்லுங்கள், நிறுத்தி நிறுத்திப் போடலாம். கேட்காமலே கருத்து சொல்பவர்கள், யாரென்று தெரியும், இந்த முறையாவது கேட்டுவிட்டு வாருங்கள்.