கொச்சி வலையும் பாம்பன் மீனவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் தலைமைத்துவத் தொடரை விடாமல் படிப்பவன் நான். பாம்பனில் அது திங்கட்கிழமைதான் கைக்கு வரும் என்பது வேறு கதை. சென்ற வாரம், தொழிலில் வியூகம் வேண்டும் என்று சொல்ல வந்தவர், காற்றடிக்கும் பக்கம் போகிற மீனவரைப் போல இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். எந்தக் கடலில் எந்த மீனவரோடு போய்ப் பார்த்தாரோ! காற்றடிக்கும் பக்கமே போனால் எங்களுக்குப் படகு மிஞ்சாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. எந்தப் பலகையை மாற்றுவது, இன்ஜினைப் பிரிப்பதா வேண்டாமா, எந்த ஆளை எவ்வளவு முன்பணம் கொடுத்துப் பிடித்து வைப்பது, தடை முடிந்ததும் டீசலுக்கு யாரிடம் கை நீட்டுவது என்று அந்த 61 நாளும் கணக்குப் போடுகிறோம். அதற்கு உங்கள் ஊரில் வேறு பெயர் போலும். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பாக் நீரிணையைச் சண்டை போட்டுப் பேசிப் பிரித்துக்கொண்டதும் காற்று அடித்ததால்தானோ என்னவோ.

திறமைசாலியைக் கண்டுபிடிக்க ஐந்து கேள்விகள் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். என் அப்பா ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். வேலை கேட்டு வருபவனிடம் ஈரக் கயிற்றுக் குவியலைக் காட்டி, “சுருட்டி வை தம்பி” என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். திரும்பி வந்து பார்க்கும்போது, பிரி அறுந்த இடத்தைத் தனியே வெளியில் எடுத்துப் போட்டிருப்பவன் படகில் ஏறுவான். அழகாகச் சுருட்டி, அறுந்ததை உள்ளே மறைத்தவனுக்கு டீ மட்டும் உண்டு. அப்படி ஏறிய ஒருவர் 22 வருடம் எங்கள் படகை ஓட்டினார். ஒரு நாளும் தரை தட்டியதில்லை.

அப்புறம் கலாம் ஐயா. அவர் பேப்பர் போட்ட கதை உங்கள் தொடரில் எத்தனை முறை வந்துவிட்டது! எங்கள் தீவுக்காரர், வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் 1979-ல் கலாம் ஐயா பொறுப்பில் இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது நிருபர்கள் முன் பழியை ஏற்றவர் அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு வருடம் ஜெயித்தபோது கலாமைப் பேச விட்டவரும் அவரே. கலாம் ஐயாவே மேடைகளில் சொன்னது இது. தலைமையைப் பற்றிய தொடரில் இதற்கு ஒரு வாரம்கூட இடமில்லையா?

என் மகள் எம்.பி.ஏ. முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு நேர்காணலுக்குப் போனாள். ராமநாதபுரம் என்றதும், “தண்ணியில்லாக் காடாச்சே” என்று சிரித்தார்களாம். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தீவிலிருந்து போனவளிடம்! 1893-ல் நடந்த சிகாகோ மாநாட்டுக்குப் போகச் சொல்லி விவேகானந்தரை ஊக்கப்படுத்தியவர்களில் எங்கள் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதியும் ஒருவர். 1897-ல் சுவாமி திரும்பி வந்து இந்திய மண்ணில் முதலில் இறங்கியதும் பாம்பனில்தான். ஆள் அறியத் தெரியாத ஊர் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, நான் கேட்பது ஒன்றே ஒன்று. ‘பாம்பன் மீனவர்கள்’ என்று போட்டு நீங்கள் வெளியிட்ட படத்தில் இருப்பது சீன வலை. அது கொச்சிக் கடற்கரை. அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். போன வருடம் என் கடிதத்தைப் பாதியாக வெட்டியதுபோல் இதையும் வெட்டுவதாக இருந்தால் மேலே உள்ளதை எல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியை மட்டும் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு படகுக்காரர்,
பாம்பன்.