நலச்சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வருவதாகச் சொல்லிவிட்டு வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது சங்கம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன். கூட்டம் ஜூன் மாதமே நடந்திருக்க வேண்டும். இரண்டு முறை தேதி குறித்து, இரண்டு முறையும் ஆள் சேராமல் தள்ளிப்போய், செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கிறது. பதிவாளர் அலுவலகத்தில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால் இதற்கு மேல் தள்ள முடியவில்லை.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். ஜூலை 15 காமராசர் பிறந்த நாளில் நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. தெருவிளக்கு தொடர்பாக மாநகராட்சிக்கு நான்கு மனு அனுப்பினோம். இரண்டு விளக்கு எரிகிறது. பொங்கல் விளையாட்டுப் போட்டி வழக்கம்போல் நடந்து, வழக்கம்போல் கயிறு இழுக்கும் போட்டியில் தகராறில் முடிந்தது.

இனி, செயற்குழுவில் சிலர் 'செயலாளரின் மேசை' என்று கேலியாகக் குறிப்பிடும் விஷயம். அதன் பெயர் உயர்கல்வி விண்ணப்ப உதவி மேசை. சங்கக் கட்டிடத்தின் முன்னறையில் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், இரண்டு பெஞ்சு. இதற்காகச் சங்கப் பணத்தை வீணாக்கினேன், பிரிண்டர் வாங்க ஒப்புதல் பெறவில்லை என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2024 பிளஸ் டூ தேர்வில் மாநிலத்தின் தேர்ச்சி 94.56 சதவீதம். நமது திருப்பூர் மாவட்டம் 97.45 சதவீதத்துடன் முதலிடம் பிடித்தது. பட்டாசு வெடித்தார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நான் முப்பத்தொரு வருடம் பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவு, பார்த்தவன். இந்த ஊரில் படிப்பு நிற்பது தேர்வில் தோற்பதால் அல்ல என்பதை வருகைப் பதிவேட்டில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த ஆண்டு தேர்வு முடிந்தது மார்ச் 22, வெள்ளிக்கிழமை. முடிவு வந்தது மே 6. இடையில் நாற்பத்தைந்து நாள். திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பையன் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ நிற்பான். "ரிசல்ட் வரும் வரைக்கும்தான் சார்" என்பான். முடிவு வருவதற்குள் ஆறு சனிக்கிழமைச் சம்பளம் வாங்கியிருப்பான். ஒன்றரை ஷிப்டு பார்த்து வீட்டுக்கு அரிசியும் தங்கைக்குக் கொலுசும் வாங்கிக் கொடுத்த பையனிடம், மே 7 அன்று போய் "மூன்று வருடம் படி" என்றால் அவன் அம்மாவே யோசிப்பார். அப்படி வந்த பையன்களின் பெயரை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். 'தற்காலிகம்' என்று பென்சிலில் எழுதிய பெயர்கள் பேனாவுக்கு மாறுவதற்கு ஒரு தீபாவளி போதும்.

மேசை தொடங்கிய காரணம் இவ்வளவுதான். அரசு கலைக் கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க ஆகும் செலவு ஐம்பது ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இரண்டே ரூபாய். பிரௌசிங் சென்டரில் அதற்கு இருநூறு, முந்நூறு வாங்குகிறார்கள். பணம் போனால்கூடப் பரவாயில்லை, பாடப்பிரிவைத் தாங்களே தேர்வு செய்துவிடுகிறார்கள். கணிதத்தையே தொடாத ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக பி.எஸ்ஸி. கணிதம் இருந்ததை நான் பார்த்தேன்.

மேசையில் நாங்கள் செய்தது பெரும்பாலும் காகித வேலைதான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் பயன்படும், அண்ணன் அந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது என்று சொல்வது. கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான் அந்தக் கட்டணச் சலுகை, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை என்று எச்சரிப்பது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்பதை நம்பவைப்பது. இது கடினமான வேலை. இலவசம் என்று சொன்னாலே பெற்றோர் சந்தேகப்படுகிறார்கள். கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கிவைத்தார்கள். இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய், ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு வரும். அந்த இணைப்புக்காக மட்டும் நான் வங்கிக்குப் பதினேழு முறை போயிருக்கிறேன்.

ஒரே ஒரு பையன் கதை. பெயர் வேண்டாம். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவன் என்பதால் 7.5 சதவீதத்தில் வரவில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ்தான் ஒரே வழி. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க உட்கார்ந்தால், ஓ.டி.பி. எங்கோ போகிறது. யாருடைய எண் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. விசாரித்ததில், சில வருடங்களுக்கு முன் சாதிச் சான்றிதழ் எடுக்கும்போது அவர்களுக்கு உதவிய லேபர் காண்ட்ராக்டர் தன் செல்போன் எண்ணையே கொடுத்திருக்கிறார். அவர் ஷிப்டு நேரத்தில் போனை எடுக்க மாட்டார். கம்பெனி வாசலுக்குப் போனேன். வாட்ச்மேன் பழைய பழக்கத்தில் எனக்கு வணக்கம் வைத்தார், ஆனால் உள்ளே விடவில்லை. டீ நேரத்தில் காண்ட்ராக்டர் வெளியே வந்தார், தலையெல்லாம் பஞ்சு. பையன் இ-சேவை மையத்தில் கணினி முன்னால், நான் கம்பெனி கேட்டில், நடுவில் என் செல்போன். இரண்டு முறை எண் காலாவதியாகிவிட்டது. மூன்றாவது முறை காண்ட்ராக்டர் கண்ணாடி போடாமல் ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். ஒன்றை ஏழு என்று சொல்லி, பிறகு திருத்திக்கொண்டார். அந்தப் பையன் இப்போது கோவையில் எலக்ட்ரிக்கல் இரண்டாம் ஆண்டு. காண்ட்ராக்டர் அதன் பிறகு தன் மகளையும் மேசைக்கு அழைத்து வந்தார்.

எண்ணிக்கையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 64 பேர் மேசையில் விண்ணப்பித்தார்கள். ஜூலைக்குள் 53 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரியிலும் சேர்ந்தார்கள். மிச்சம் பதினொரு பேரை உயர்கல்வியில் சேராதவர்களுக்காக அரசு செப்டம்பரில் நடத்திய 'உயர்வுக்குப் படி' முகாமுக்கு அழைத்துப் போக வேன் பிடித்தேன். ஆறு பேர் வந்தார்கள், நான்கு பேர் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தார்கள். ஐ.டி.ஐ. என்றால் தோற்றவர்களுக்கான இடம் என்ற நினைப்பு நம்மிடம் இன்னும் போகவில்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், முடித்ததும் அப்ரண்டிஸ் வாய்ப்பு என்று எடுத்துச் சொன்னபோது, அந்த நால்வரில் ஒருவனின் தந்தை, "இதை ஏன் யாரும் முன்னாலேயே சொல்லவில்லை?" என்று என்னிடமே கோபப்பட்டார்.

ஆக 57 பேர். தீபாவளி போனஸ் சமயத்தில் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். மார்ச் மாதக் கணக்கில் 48. அந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் வீட்டுக்கு நான் போனேன். இரண்டு வீட்டில் கதவே திறக்கவில்லை. சேர்த்துவிட்டதோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்தது தவறு. இதை நானே ஒப்புக்கொள்கிறேன், யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

கல்விக் கடனில் ஒரு சம்பவம் மட்டும். 2,80,000 ரூபாய் கேட்டுப் போன ஒரு தாயிடம் ஒரு வங்கிக் கிளையில் நிலப் பட்டா கேட்டிருக்கிறார்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. அச்செடுத்துக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தேன். அச்செடுத்தது, கேள்வி கேட்கப்பட்ட அதே பிரிண்டரில். கடன் கிடைத்தது.

"எல்லோரும் படிக்கப் போய்விட்டால் நம் யூனிட்டில் பீஸ் மடிப்பது யார்?" என்று செயற்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கவலைதான், அவர் முதல் போட்டிருக்கிறார். அவருடைய மகன் எம்.பி.ஏ. படிக்கிறார் என்பதை நினைவூட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் நமது கம்பெனிகளில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கும், கணினியில் பேட்டர்ன் போடுபவருக்கும், தரக் கட்டுப்பாட்டுக்கும் வெளியூரிலிருந்து ஆள் தேடுகிறோம். செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணுக்குத் துணியைத் தொட்டுப் பார்த்தே குறை தெரியும். ஒரு பட்டமும் கொஞ்சம் ஆங்கிலமும் இருந்தால், இறக்குமதியாளருக்கு மெயில் எழுதும் நாற்காலியில் அவளே உட்காரலாம். செக்கிங் மேசையிலிருந்து அந்த நாற்காலிக்குப் பத்தடி தூரம். நான் பணியில் இருந்த முப்பத்தொரு வருடத்தில் அந்தப் பத்தடியைக் கடந்தவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள்.

உறுப்பினர் நிலவரம். பட்டியலில் 212 பேர். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். கட்டியவர்கள் 83 பேர். ஒரு மாதச் சந்தா இருபத்தைந்து ரூபாய்தான் ஆகிறது, இரண்டு டீ விலை. பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று முன்மொழிந்தேன். ஒட்டினால் செயற்குழுவில் ஐந்து பேர் பெயரும் அதில் வரும் என்று பொருளாளர் சொன்னதால் தீர்மானம் நிறைவேறவில்லை. பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் நான்கு, கோரம் இல்லாமல் கலைந்தன. ஜனவரிக் கூட்டத்தில் நானும் பொருளாளரும், டீ கொண்டுவந்த பையனும் இருந்தோம். பிரிண்டர் வாங்கச் செயற்குழு ஒப்புதல் பெறவில்லை என்று குற்றம் சாட்டுபவர்கள், அந்த ஒப்புதலை நான் யாரிடம் பெற்றிருக்க வேண்டும் என்பதையும் சொன்னால் நல்லது.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, சந்தாவும் நன்கொடையும் வந்தன, மின் கட்டணமும் வாடகை வேனும் மையும் காகிதமும் போயின. கையிருப்பு ஐந்து இலக்கத்தைத் தொடவில்லை. பிரிண்டர் 'இதர செலவு' என்ற தலைப்பில் இருக்கிறது. தணிக்கையாளர் கையெழுத்திட்டுவிட்டார்.

நன்கொடை அளித்த கம்பெனிகளுக்கும், இடம் தந்த தலைவருக்கும், கணினியைப் பழுது பார்த்த தம்பிக்கும், பெஞ்சு கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும், நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 2025 ஆகஸ்ட் 27 அன்று நம் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. நன்கொடை கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஆர்டர் தாளைத்தான் காட்டுகிறார்கள். போன மாதம் ஓர் அம்மா வந்தார். "கண்ணு, கம்பெனியில் வாரம் மூன்று நாள்தான் வேலை. பையன் சும்மா இருப்பதற்குப் படிக்கட்டும் என்று பார்த்தால், பஸ்ஸுக்குக் கொடுக்கவே காசு இல்லை" என்றார். வேலை குறைந்ததும் படிக்க அனுப்பத் தயாராக இருக்கிறார்கள், அனுப்பக் கையில் ஒன்றுமில்லை. மேசை வேலை வரும் மே மாதம் இரட்டிப்பாகும். ஆனால் மேசையில் இருப்பது நான் ஒருவன்தான். வலது கண்ணில் புரை, டிசம்பரில் அறுவை சிகிச்சை. தட்டச்சு தெரிந்த, பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசும் இரண்டு பேர் வாரம் ஒரு மாலை வந்தால் போதும்.

செயலாளர் பொறுப்பில் தொடர எனக்குத் தனிப்பட்ட ஆசை கிடையாது. யாராவது முன்வந்தால் இன்றே சாவியைக் கொடுத்துவிடுவேன். சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. சென்ற ஆண்டும் இதையேதான் சொன்னேன்.

சந்தா ரசீதுப் புத்தகம் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. கூட்டம் முடியும் வரை பொருளாளர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்
வேலம்பாளையம், திருப்பூர்
28 செப்டம்பர் 2025