கோரிக்கை மனு: தாலுகா மருத்துவமனையில் பூட்டிக் கிடக்கும் இயன்முறை சிகிச்சை அறையைத் திறக்க வேண்டி

அனுப்புநர்:
கபடி ஆடும் பெண்ணின் தகப்பன், தையல் தொழிலாளி
(பெயர், முகவரி, கைப்பேசி எண் மனுவின் பின்பக்கம் எழுதியுள்ளேன்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

நாள்: 19.01.2026, திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள்

பொருள்: தாலுகா மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் நியமித்து, பூட்டியுள்ள இயன்முறை சிகிச்சை அறையைத் திறந்துதரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 09.06.2025 மற்றும் 15.09.2025 தேதிகளில் நேரில் கொடுத்த மனுக்கள்; 1100 எண்ணில் பதிந்த புகார்.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு வணக்கம்.

தாங்கள் போன மாதம் எங்கள் தாலுகா மருத்துவமனைக்கு ஆய்வுக்கு வந்திருந்தீர்கள். பிரசவ வார்டு, மருந்தகம், ரத்தப் பரிசோதனை அறை எல்லாம் பார்த்தீர்கள் என்று பேப்பரில் போட்டோவோடு வந்தது. சந்தோஷம். மருந்தகத்தைத் தாண்டி எக்ஸ்ரே அறைக்குப் போகும் நடையில், வலது பக்கம் மூன்றாவது கதவு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தாங்கள் போயிருக்க வேண்டும், வேறு வழி கிடையாது. அந்தக் கதவைப் பற்றித்தான் இந்த மனு.

1. கதவுக்கு மேல் "இயன்முறை சிகிச்சைப் பிரிவு" என்று பலகை இருக்கிறது. இங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் 2024 கடைசியில் மாறுதலில் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. அன்றைக்குப் போட்ட பூட்டு. நடைப்பக்க ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது, எட்டிப் பார்த்தால் உள்ளே எல்லாமே தெரியும். நடை பழகும் இரட்டைக் கம்பியில் வார்டு பெட்ஷீட் காய்கிறது. தொடைக்குப் பலம் ஏற்றும் நாற்காலி மேல் குளுக்கோஸ் அட்டைப்பெட்டிகள் அடுக்கி இருக்கின்றன. மெழுகு ஒத்தடப் பெட்டியும் கரண்ட் வைக்கும் மிஷினும் மூலையில் உறை போட்டு இருக்கின்றன. பொருள் இல்லை என்று நான் மனு எழுதவில்லை அய்யா. பொருள் இருக்கிறது. ஆள்தான் இல்லை.

2. என் மகள் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். பள்ளியிலிருந்தே கபடி. 2025 பிப்ரவரியில் மின்னொளிப் போட்டி ஒன்றில் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போனவள், போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பக் காலை ஊன்றினாள். யாரும் அவளைத் தொடக்கூட இல்லை. முழங்காலுக்குள் "டப்" என்று சத்தம் கேட்டதாம். ஜவ்வு அறுந்துவிட்டது. ஏப்ரலில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில், ஒரு பைசா வாங்காமல் ஆபரேஷன் செய்து கொடுத்தார்கள். தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக வைத்திருக்கிறார்கள். அந்த டாக்டருக்கு என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டும்: கத்தி வேலை ஒன்றரை மணி நேரம்தான், மிச்ச வேலை ஒன்பது மாதம், அது பிசியோதெரபியில் இருக்கிறது, முதல் இரண்டு மாதம் வாரம் ஐந்து நாள், பிறகு மூன்று நாள்.

"உங்கள் தாலுகா மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது, அங்கேயே போய்க்கொள்ளுங்கள்" என்றும் அவர்தான் சொன்னார். அவரிடம் இருந்த பட்டியலில் இருந்தது.

3. அறை பூட்டி இருப்பதால் மாவட்டத் தலைநகருக்குத்தான் போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து தாலுகா பஸ் ஸ்டாண்டுக்கு 6 கிலோமீட்டர். அதற்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. அங்கிருந்து 38 கிலோமீட்டர் மப்சல் பஸ். டிக்கெட் உண்டு, உட்கார இடம்தான் கிடைக்காது. நான் தையல்காரன், இன்ச் டேப் எப்போதும் கழுத்தில்தான் கிடக்கும். ஒருநாள் பஸ் நின்றிருக்கும்போது அளந்து பார்த்தேன். தரையிலிருந்து முதல் படி பதினாறரை அங்குலம். கண்டக்டர் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார். ஆபரேஷன் ஆன காலை மடக்கி அந்தப் படி ஏற முடியாது. அதனால் நல்ல காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்து, பிறகு மற்ற காலைத் தூக்கி வைப்பாள். பின்னால் நிற்கிறவர்கள் "சீக்கிரம்மா" என்பார்கள். வாக்கர் கையில் இருந்தபோது அதை நான் தூக்கிக்கொள்வேன், அவளை அவள் அம்மா தாங்கிக்கொள்வாள், டிரைவர் ஹாரன் அடிப்பார். இறங்கும்போது இன்னும் கஷ்டம். ஜவ்வு மாற்றிய காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம் என்று தாங்கள் அனுபவப்பட்டிருக்க வேண்டாம், அவளிடம் ஒரு நிமிடம் கேட்டால் போதும்.

பஸ்ஸுக்குள் கால் நீட்ட இடம் கிடையாது. இரண்டு மாதத்துக்குள் முழங்கால் முழுசாக நேராக வேண்டும், இல்லாவிட்டால் கடைசிவரை நொண்டல் நிற்கும் என்றார் டாக்டர். உட்கார இடம் கிடைத்தாலும் அந்தக் காலை முக்கால் பாகம் மடக்கி, ஒன்றேகால் மணி நேரம் போக வேண்டும். சர்க்கரை ஆலை தாண்டி பைபாஸ் வரைக்கும் சாலை எப்படி இருக்கிறது என்று தங்கள் ஜீப்புக்கே தெரியும். பிசியோதெரபி அறைக்குப் போய்ச் சேரும்போது முழங்கால் வீங்கி இருக்கும். வீக்கம் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி கொடுக்க மாட்டார்கள், ஐஸ் வைத்து அனுப்புவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, நாற்பது பேர் வரிசையில் இருக்கிறார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஆக, 88 கிலோமீட்டர் போய் வந்து, நூறு ரூபாய்க்கு மேல் பஸ்ஸுக்குக் கொடுத்து, என் ஒருநாள் கூலியை விட்டு, நாங்கள் வாங்கி வந்தது ஒரு ஐஸ் ஒத்தடம். ஐஸ் எங்கள் தெரு பெட்டிக்கடையிலேயே கிடைக்கும் அய்யா.

மழை நாளில் அந்தப் பஸ் படி வழுக்கும். ஆகஸ்டில் ஒருநாள் வழுக்கியே விட்டது. கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்ததால் தப்பினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து "அப்பா, நான் இனி வரலை" என்றாள். போட்டியில் ஏழு பேர் சேர்ந்து அமுக்கினாலும் கோடு தொடுகிற பிள்ளை. அவள் பஸ் படிக்குப் பயந்து சொன்னாள்.

வாரம் ஐந்து நாள் போக வேண்டியது ஒரு நாள் ஆனது. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு நாள். தனியாரிடம் போனோம், ஒரு தடவைக்கு 400 ரூபாய். பதினோரு தடவை போனோம். ஒரு ஜாக்கெட் தைக்க எனக்கு என்ன கிடைக்கும் என்று தங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், பன்னிரண்டாவது தடவை ஏன் போகவில்லை என்று விளங்கும். அப்புறம் போனில் வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்கிறாள். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, குதிகாலைத் தரையில் இழுத்து இழுத்து மடக்குவது. சரியாகத்தான் செய்கிறாளா என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. வீடியோ பதில் சொல்லாது.

4. ஒன்பது மாதம் இந்த மாதத்தோடு முடிகிறது. இந்தப் பொங்கலுக்கு அவள் களத்தில் நின்றிருக்க வேண்டியவள். முழங்கால் தொண்ணூறு டிகிரிக்கு மேல் கொஞ்சம்தான் மடங்குகிறது. தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. முழங்காலுக்கு மேல் ஆறு அங்குலத்தில் தொடையை அளந்தேன். நல்ல தொடை பத்தொன்பது, ஆபரேஷன் செய்த தொடை பதினேழேகால். ஒன்றேமுக்கால் அங்குலம் கரைந்துவிட்டது. சுடிதார் பேண்டுக்கு வலது காலை ஒரு அளவும் இடது காலை ஒரு அளவும் வெட்டுகிறேன், பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்று அவள்தான் கேட்டாள். இருபத்தாறு வருடம் தைக்கிறேன், இப்படி ஒரு வெட்டு வெட்டியது இல்லை.

5. இது என் மகள் ஒருத்திக்காக எழுதியது என்று நினைக்க வேண்டாம். காணும் பொங்கல் அன்று, இரண்டு நாள் முன்னால், எங்கள் ஊர்ப் போட்டியில் மட்டும் மூன்று பேருக்கு அடி. ஒருவனுக்குத் தோள்பட்டை நழுவல், இரண்டு பேருக்குக் கணுக்கால். மூவரும் கட்டு வைத்தியரிடம் போய், முட்டை வெள்ளைக்கரு போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் கட்டு வைத்தியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வீடு திறந்திருக்கிறது.

விளையாட்டுப் பிள்ளைகள் மட்டுமா? பக்கவாதம் வந்து ஒரு கை வராத பெரியவர், கரும்பு வெட்டித் தோள் இறுகிப்போன அக்கா, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், எல்லோருக்கும் அந்த ஒரே அறைதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பிசியோதெரபி தங்கை வருகிறார். தங்கமான பிள்ளை. ஒன்றியம் முழுக்கப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கிறார். அவரிடம் போய் "என் மகளுக்கு வாரம் மூன்று நாள் வாம்மா" என்று கேட்க எனக்கு மனசு வருமா?

6. ஆட ஆளை அனுப்பச் சொல்லும்போது மட்டும் எல்லோருக்கும் எங்கள் ஊர் நினைவு வருகிறது. முதலமைச்சர் கோப்பைக்கு வந்து பேர் எழுதிக்கொண்டு போனார்கள். கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் என்று ஊராட்சிக்கு 33 வகை சாமான் வந்தது, நல்ல சாமான், பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். போன அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் கபடித் தங்கம் வாங்கி வந்தபோது எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். என் மகளும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கை தட்டினாள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, போலீஸ் ஆகலாம் என்று சொல்லித்தான் இந்தப் பிள்ளைகளைக் களத்தில் இறக்குகிறோம். காலை ஊன்றித் திரும்பும் ஆட்டத்தில், பெண்பிள்ளைகளுக்கு ஆண்களைவிட அதிகமாக இந்த ஜவ்வு அறுகிறது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி, உள்பக்கம் சாயாமல் இறங்கப் பழக்கினால் பாதி அடியைத் தவிர்க்கலாமாம். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தால், இந்த மனுவை எழுதும் வேலையே எனக்கு வந்திருக்காது.

7. முந்தைய மனுக்களுக்கு வந்த பதில்கள். முதல் மனு, "தொடர்புடைய துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டது." தொடர்புடைய துறை எது என்று தேடியதில் விளையாட்டு அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கே "மருத்துவமனை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்றார்கள். அது நியாயம்தான். மருத்துவமனையில் கேட்டால் "விளையாட்டு அடி என்றால் விளையாட்டுத் துறையில் கேளுங்கள்" என்கிறார்கள். முழங்கால் எந்தத் துறை அய்யா? இரண்டாவது மனுவுக்கு வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "மேற்படி மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு செயல்பாட்டில் உள்ளது. மனு முடிக்கப்பட்டது." செயல்பாட்டில் உள்ளதாம்! பெட்ஷீட் காய்வது செயல்பாடு என்றால் ஒத்துக்கொள்கிறேன். 1100-க்குப் பேசினேன், போனில் பேசிய பெண் மரியாதையாகப் பேசினார், புகார் எண் கொடுத்தார், பிறகு "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் மூன்று பேரும் மப்சல் பஸ்ஸில் நின்றுகொண்டு இருந்தோம்.

வார்த்தை கூடிப் போயிருந்தால் மன்னிக்கவும். படித்தவன் இல்லை, மனசில் இருப்பதை எழுதிவிட்டேன்.

8. கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பணியிடத்துக்கு நிரந்தரமாக ஒரு பிசியோதெரபிஸ்டை நியமிக்க வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை மாற்றுப்பணியில் ஒருவரை வாரம் மூன்று நாளாவது இங்கே அனுப்ப வேண்டும். அந்த மூன்று நாளில் ஒரு நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் இருந்தால் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் வர முடியும். குளுக்கோஸ் பெட்டிகளை நாங்களே தூக்கி வைத்துவிடுகிறோம், எங்கள் குழுவில் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியையும் நானே போட்டுத் தருகிறேன்.

தாங்கள் அடுத்த முறை ஆய்வுக்கு வரும்போது அந்த மூன்றாவது கதவின் முன்னால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். நான் மூன்று தடவை கேட்டேன், மூன்று பேரைக் கை காட்டினார்கள். தாங்கள் கேட்டால் சாவி வந்துவிடும். அய்யா அவர்கள் தயவுசெய்து அந்த அறையைத் திறந்து, ஒரு ஆளைப் போட்டுத் தருமாறு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் ஏற்பு ரசீது நகல், டிஸ்சார்ஜ் சீட்டு நகல், பூட்டின் புகைப்படம், ஊர்ப் பொதுமக்கள் 64 பேர் கையொப்பம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

பி.கு.: இந்த மனுவோடு என் மகளும் வந்திருக்கிறாள். வரிசையில் அவ்வளவு நேரம் நிற்க முடியாததால், தங்கள் அலுவலக வாசல் வேப்பமரத்தடி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், பச்சைச் சுடிதார். எங்களுக்குத் திரும்பிப் போக மூன்றே முக்கால் பஸ். அதுவரை அங்கேதான் இருப்போம்.