மலையில் டிராக்டர் வாங்குகிறவர்கள் எடையையும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேளாண் இணைப்பிதழில் டிராக்டர் வாங்குவோருக்காக வந்த கட்டுரையைப் படித்தேன். எச்.பி., டீசல் செலவு, லிஃப்ட் தூக்கும் எடை, மானியம் எல்லாம் தெளிவாக இருந்தன. தஞ்சாவூரிலோ உடுமலையிலோ உழுகிறவருக்கு அது போதும். நீலகிரி மலையில் கோத்தகிரி, நெடுகுளா, நஞ்சநாடு, கேத்தி பக்கம் டிரெய்லர் இழுப்பதற்காக டிராக்டர் தேடுகிறவருக்குத் தேவையான விஷயம் அதில் இல்லை. எங்கள் ஊரில் வண்டி மேடு ஏறுமா என்று யாரும் கவலைப்படுவதில்லை. பாரத்தோடு இறங்கும்போது பிடித்தால் நிற்குமா என்பதுதான் கவலை.

எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் வண்டி வாங்கப் போகிறவர்கள் வந்து யோசனை கேட்பார்கள். முதல் கேள்வி எப்போதும் "எத்தனை எச்.பி. எடுக்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "வண்டி எத்தனை கிலோ?" பெரும்பாலும் பதில் வராது. விற்கிறவருக்கே சில நேரம் தெரிவதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். 45 எச்.பி. டிராக்டர் ஏறக்குறைய 2 டன் இருக்கும். நாலு சக்கர டிரெய்லர், அதில் ஏற்றிய கேரட் மூட்டையோ எருவோ எல்லாம் சேர்த்து 5 டன் என்று வைத்துக்கொள்வோம். 10 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் இந்த 7 டன்னை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மேலே இழுக்க, சக்கரங்களில் சுமார் 27 எச்.பி. இருந்தால் ஆயிற்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் இங்கே தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். அப்படிக் கழித்தாலும், முக்கி முனகியாவது மேலே போய்விடும்.

அதே பாதையில் இறங்குங்கள். 7 டன்னும் சேர்ந்து 700 கிலோ அளவுக்குக் கீழே தள்ளுகிறது. டயர் உருளும் தடையில் கொஞ்சம் கழிந்தாலும் 500 கிலோவுக்குக் குறையாது. டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால், அதைப் பிடித்து நிறுத்த வேண்டியவை டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டு மட்டும்தான். நம் ஊரில் ஓடும் சாதாரண டிராக்டர்களில் முன்சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. பின் அச்சில் 1,200 கிலோ இருக்கும். காய்ந்த தார் ரோட்டில் சமாளிக்கலாம். ஐப்பசி மழையில் ஊறிய செம்மண் பாதையில் டயர் பிடிப்பு அந்த எடையில் மூன்றில் ஒரு பங்குதான், அதாவது 400 கிலோ. மீதி 100 கிலோவுக்கு என்ன பதில்? பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், அவ்வளவுதான். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளித் தள்ளி டிராக்டரைக் குறுக்கே திருப்பிவிடும். குறைந்த கியரில் எஞ்சின் பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் டிரைவ் வண்டியில் அந்தப் பிடிப்பும் அதே இரண்டு பின்டயர் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். 60 எச்.பி. எஞ்சின் வைத்தாலும் டயருக்குக் கீழே இருப்பது அதே சேறு.

அதனால்தான் மலையில் பாரம் இழுப்பவருக்கு நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வாங்கச் சொல்கிறேன். ஏற்றத்துக்காக இல்லை, இறக்கத்துக்காக. அதைப் போட்டுவிட்டால் எஞ்சின் பிடிப்பு நாலு சக்கரத்துக்கும் போகிறது. பின்சக்கரப் பிரேக்கின் பிடிப்பும் ஷாஃப்ட் வழியாக முன்னால் போகிறது. காய்ந்த தார் ரோட்டில் தூரமாக ஓட்டும்போது எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முன்டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிரேக் எண்ணெயில் மூழ்கிய வகையாக இருக்கட்டும். பழைய உலர் டிஸ்க் வகையில் சேறும் தண்ணீரும் புகுந்தால் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று சொல்ல முடியாது.

டிராக்டரைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு ஒன்று சொல்லியாக வேண்டும்: எந்த டிராக்டர் வாங்கினாலும் டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் பாதிப் பணம் வீண். இந்த மலையில் ஓடும் டிரெய்லர்களில் பல, சமவெளிப் பட்டறைகளில் பிரேக்கே வைக்காமல் அடித்துக் கொடுத்தவை. பிரேக் இல்லாத டிரெய்லர் சுமையோடு சேர்த்து டிராக்டரின் எடையைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் ஒர்க்‌ஷாப் கணக்கு. செங்குத்தான எஸ்டேட் ரோட்டில் அதுவும் அதிகம். டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானாகவே பிடிக்கும் பிரேக் உண்டு. டிராக்டரிலிருந்து ஆயில் குழாய் கொடுத்து மிதிக்கும்போது பிடிக்கும் பிரேக்கும் உண்டு. இரண்டாவதுதான் என் தேர்வு. அதற்கான ஆயில் இணைப்பு டிராக்டரில் இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். கேட்டால் ஷோரூமில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

மாட்டும் இடமும் முக்கியம். உழவுக் கருவி மாட்டும் லிஃப்ட் கைகளுக்கு நடுவே கம்பி போட்டு அதில் டிரெய்லரைக் கோர்க்கிறார்கள். இழுக்கும் இடம் உயர உயர, மேட்டில் முன்சக்கரம் தூக்கும். டிராக்டர் பின்பக்கமாக ஓட்டுநர் மேலேயே கவிழ்ந்துவிடும். கீழே தாழ்வாக இருக்கும் இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். முன்னால் இரும்பு வெயிட் போட வசதி இருக்கிற மாடலாகப் பார்ப்பது நல்லது. வயலில் திரும்புவதற்காகப் பிரித்துவிடும் இரண்டு பிரேக் பெடலையும் ரோட்டுக்கு வருமுன் கொக்கி போட்டு இணைக்காவிட்டால், அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும். நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கும் புத்திசாலிகளைப் பற்றி நான் எழுதினால் இந்தக் கடிதம் அச்சேறாது.

என்ன பாரம் என்பதையும் பார்க்க வேண்டும். பச்சைத் தேயிலை இடத்தை அடைக்குமே தவிர எடை குறைவு. தேயிலை ஃபேக்டரிக்குப் போகும் விறகும் சில்வர் ஓக் கட்டைகளும் அப்படியில்லை, உயர அடுக்கினால் வளைவில் சாய்த்துவிடும். எல்லாவற்றையும்விட மோசம் பாதி நிரம்பிய தண்ணீர் டேங்கர். பிரேக் போட்ட பிறகும் உள்ளே தண்ணீர் முன்னும் பின்னும் மோதிக்கொண்டே இருக்கும். ஒன்று நிறைத்து ஓட்டுங்கள், இல்லை காலியாக ஓட்டுங்கள்.

ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் படிமேடுகளில் உழ மினி டிராக்டர் வாங்குகிறார்கள். நல்ல வண்டிதான். ஆனால் அதன் எடை முக்கால் டன், ஒரு டன் அளவுதான். அதில் பெரிய டிரெய்லரை மாட்டுவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. தோட்டத்திலிருந்து கேரட் கழுவும் இடம்வரை சின்ன டிரெய்லரில் நாலு நடையாக எடுத்துப் போகட்டும். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பிக்கப்பையோ லாரியையோ வாடகைக்கு அமர்த்துவது மேல். மலைப்பாதையில் டிராக்டரோடு இறங்குவது எனக்கு உடன்பாடில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. முன் அச்சில், பின் அச்சில் எத்தனை கிலோ, இழுவைச் சக்தி, பிரேக் சோதனை முடிவு எல்லாம் அதில் உண்டு. இணைப்பிதழில் விலைப்பட்டியல் போடும்போது அதிலிருந்து எடையையும் பிரேக் விவரத்தையும் எடுத்துப் போடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையும் மலை மாவட்டங்களில் மானிய விண்ணப்பம் வாங்கும்போதே, டிரெய்லர் இழுக்கப் போகிறீர்களா, அதில் பிரேக் உண்டா என்று கேட்டால் நல்லது.

அப்புறம், பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு. கரும்பு பாரம் இழுத்துத் தேய்ந்த சமவெளி டிராக்டர்கள் பெயிண்ட் அடித்துக்கொண்டு இங்கே வருகின்றன. சமதளத்தில் ஓட்டிக் காட்டுவதை நம்ப வேண்டாம். பாதிச் சுமையோடு ஒரு டிரெய்லரை மாட்டி, கீழே சமதளம் இருக்கிற மிதமான சரிவில் மெதுவாக இறக்கி நடுவில் நிறுத்திப் பாருங்கள். கைபிரேக்கில் நிற்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு முன் டிரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டையோடு ஒரு ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்குத் தரகர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு வண்டி பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.