துறைமுகத்தில் இறங்கும் காடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் சமூக அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். உலகக் காடுகளைப் பற்றி எதைக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். உலகத்துக் காடுகளில் பாதிக்கு மேல் ரஷ்யா, பிரேசில், கனடா, அமெரிக்கா, சீனா ஆகிய ஐந்து நாடுகளில் இருப்பது வரைக்கும் தெரியும். ஆனால் அந்தக் காடுகளுக்கும் தங்கள் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் நினைக்கிறார்கள். துறைமுகத்தை ஒட்டி வளரும் பிள்ளைகள் இப்படி நினைப்பதற்கு நாம் சொல்லித்தரும் விதம்தான் காரணம்.

ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வாங்கும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து கப்பலேறி வருகிறது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் மழைக்காட்டை அழித்து எண்ணெய்ப்பனை போட்ட இடங்கள் ஏராளம். அந்த பாக்கெட்டை மேஜையில் வைத்துப் பக்கத்தில் வரைபடத்தை விரித்தால் போதும், "அப்போ இதை வாங்கக் கூடாதா மிஸ்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடலை எண்ணெய் விற்கிற விலையில் பல வீடுகளில் அப்பளம் பொரிவதே பாமாயில் புண்ணியத்தில்தான். அது மட்டுமில்லை, ஒரு ஹெக்டேரில் கடலையோ சூரியகாந்தியோ தருவதைவிட எண்ணெய்ப்பனை பல மடங்கு எண்ணெய் தரும். பனையை விட்டு வேறு பயிருக்குப் போனால் எவ்வளவு நிலம் வேண்டும், அது யாருடைய காடாக இருக்கும்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பிள்ளை, 'மரம் வளர்ப்போம்' என்று சார்ட்டில் பச்சைக் காகிதம் வெட்டி ஒட்டும் பிள்ளையைவிட நிறையக் கற்றுக்கொள்ளும்.

வியாசர்பாடியில் 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருக்கின்றன. பழைய வீட்டுக் கதவைத் தட்டிக் காட்டி 'பர்மா தேக்கு' என்று பெருமைப்படாதவர்களும் நம் ஊரில் குறைவு. அந்த நாடு 2014-ல் உருட்டு மர ஏற்றுமதிக்கு ஏன் தடை போட்டது என்று பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியிடமிருந்தே விசாரிக்க ஆரம்பிக்கலாம். வடக்கே குளிர் நாடுகளில் பரந்து கிடக்கும் டைகா என்ற ஊசியிலைக் காட்டுக்கோ உங்கள் பத்திரிகையே போதும். இந்தியா ரஷ்யாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் மரக்கூழில் செய்த செய்தித்தாள் காகிதம் இறக்குமதி செய்கிறது. (கோபித்துக்கொள்ளாமல் இதையும் அச்சிடுவீர்கள் என்று நம்புகிறேன்.)

இவ்வளவும் வகுப்பறையிலேயே முடிகிற காரியம். எண்ணூர் கழிமுகத்துக்கு மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே இருக்கும் அலையாத்தி இலையை விரலால் தடவினால் உப்புப் பொடி ஒட்டும். உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியேற்றுகிறது. சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி மூச்சு வேர்கள் நிமிர்ந்து நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த கச்சா எண்ணெய்க் கழிவு அந்த வேர்களில் அப்பியதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அனல்மின் நிலையச் சாம்பலும் பல வருடங்களாகக் கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கிறது. அந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஒடிசாவின் தால்சேர் பக்கத்திலிருந்து வரும் நிலக்கரி, 25 கோடி வருடத்துக்கும் முன்னால் கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்தில் இருந்த காடு! அதை எரித்த மிச்சம்தான் இன்றைக்கு இந்த அலையாத்தியின் காலடியில் கிடக்கிறது. இதைவிட நல்ல புவியியல் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

ஆனால் பள்ளிகளில் கேட்டால் போர்ஷன் முடியவில்லை, வேன் இல்லை, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்கிறார்கள். கடைசிக் கவலை நியாயமானது. சேறும் தண்ணீரும் உள்ள இடம். மற்றதெல்லாம் சாக்கு. காலாண்டுத் தேர்வு முடிந்ததும், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், அரை நாள் ஒதுக்கினால் போதும். இத்தனை வருடமாகச் சுற்றுச்சூழல் மன்றம் என்ற பெயரில் கட்டுரைப் போட்டி நடத்தியதற்குப் பதிலாக, வடசென்னையின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் கல்வித்துறை ஒரு வேனுக்குப் பணம் ஒதுக்கட்டும். அப்புறம், அந்தக் கழிமுகத்தின் ஆழமும் சேறும் எண்ணூர், காட்டுக்குப்பம் மீனவர்களுக்குத்தான் அத்துபடி. பிள்ளைகளுக்கு வழிகாட்ட அவர்களைக் கூப்பிட்டால், அன்றைய கூலியையும் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை